முதலில் நீங்கள்

காலை எண்ணிக்கைக்கு ஐந்து ஐந்து பேராகக் குந்த வேண்டும். தலை கவிழ்ந்திருக்க வேண்டும், கைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். காவலாளி ஒவ்வொரு வரிசையையும் பிரம்பால் தட்டி ஐந்து, பத்து, பதினைந்து என்று போவான். கணக்கு எப்போதும் தப்பும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவான். கேப்டன் ஈரஜ் சபூரிக்கு அவ்வளவு நேரம் குந்தியிருக்க முடியாது. நான்கு வருடங்களுக்கு முன்னால், பிடிபட்ட வாரத்தில், இடுப்பில் இறங்கிய கேபிள் அடிகள் அவருடைய இடது சிறுநீரகத்தை ஒரேயடியாகக் கெடுத்துவிட்டன. குந்தினால் கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் குந்தியிருக்கும் கராமத் தன் தோளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துவார். ஈரஜ் அதில் சாய்ந்துகொள்வார்.

"நல்லா சாஞ்சுக்கோங்க கேப்டன்," என்றார் கராமத் அன்றைக்கும், உதடு அசையாமல். "ஆபாதான் தோளு இது. எங்க எண்ணெய் ஆலையில புகைக்கூண்டு சரிஞ்சப்போ மூணு நாள் நான்தான் முட்டுக் குடுத்து நின்னேன்."

"போன மாசம் ரெண்டு நாள்னு சொன்னீங்க."

"அது சின்னப் புகைக்கூண்டு."

ஆபாதான்காரர்களுக்கு அளந்து பேசத் தெரியாது, அளக்க மட்டும்தான் தெரியும். கராமத் அந்த ஊரின் எண்ணெய் ஆலையில் பண்டகசாலைக் காப்பாளராக இருந்தவர். போர் வந்தபோது துப்பாக்கி பிடிக்கத் தெரியாமலேயே போய்ப் பிடித்தார், நெஞ்சில் ஒரு இரும்புச் சிதறலை வாங்கிக்கொண்டு பிடிபட்டார். அந்த இரும்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இருமினால் கைக்குட்டையில் சிவப்பாக ஏதாவது வரும். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆபாதான் ரோஜா," என்பார்.

எதிரி நாட்டில், மோசுலுக்கு வெளியே இருந்த அந்தப் போர்க்கைதி முகாமில் அன்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக் கைதிகளைப் பொறுக்கி எடுத்து ஊருக்கு அனுப்பும் வெளிநாட்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். மாலையில் பேருந்து வரும். மறுநாள் பாக்தாதிலிருந்து விமானம். நேற்றே இரண்டு கொட்டடிகளைப் பார்த்து முடித்துவிட்டார்கள். ஈரஜின் கொட்டடி இன்றைக்கு. போன தடவை வந்தபோதே, முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த அந்த ஸ்விஸ் டாக்டர் ஈரஜின் இடுப்பை அழுத்திப் பார்த்து, "அடுத்த பட்டியல்ல உங்க பேரை நானே எழுதப் பாக்குறேன்," என்று சொல்லியிருந்தார்.

அதை ஈரஜ் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அங்கேதான் முதல் தப்பு. அந்த மாதக் கடிதத் தாளில் மனைவி மஹ்லகாவுக்கு எழுதிவிட்டார். தணிக்கைக்காரன் கண்ணில் படாதபடி சுற்றி வளைத்துத்தான் எழுதினார்: நெகின் பள்ளியில் சேரும் நாளன்று, மெஹர் மாதம் முதல் தேதி, அவள் கையை நானே பிடித்துக் கூட்டிப் போவேன். அவ்வளவுதான். மஹ்லகாவுக்குப் புரியாதா? போன வாரம் பதில் வந்திருந்தது. "நெகின் தெருவில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. பழக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். மாமா பை வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள், அப்பா வந்துதான் வாங்கித் தர வேண்டுமாம். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, வந்து சிரிக்காதீர்கள். விருந்தாளிகள் வரும் விமானம் எது வந்தாலும் நாங்கள் மெஹ்ராபாத் விமான நிலையத்தில் நிற்போம்." கடைசி வரியில் கைதிகள் என்று எழுதாமல் 'விருந்தாளிகள்' என்று மஹ்லகாவும் மறைத்து எழுதியிருந்தாள். அவர் விட்டுவிட்டு வந்தபோது நெகினுக்கு இரண்டு வயது. பல்லே அப்போதுதான் முளைத்து முடிந்திருந்தது.

அந்தக் கடிதத்தை ஈரஜ் கராமத்துக்குப் படித்துக் காட்டினார். கராமத் கேட்டுவிட்டு, "பல்லு விழுந்த வயசுதான் அழகு," என்றார். அவருடைய மகன் ஃபரிதூனுக்கும் கடைசியாக ஆறு வயதுதான் ஆகியிருந்தது.

அந்தக் கதையைக் கொட்டடியில் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். கராமத் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. புதிதாக யார் வந்தாலும் சொல்வார். மற்ற கதைகளில் அளப்பவர், இதில் மட்டும் ஒரு வார்த்தை கூட்டமாட்டார்.

போர் தொடங்கிய இலையுதிர் காலம். ஆபாதானைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஜனங்கள் படகில் ஏறி மாஷஹ்ருக்கு வந்து, அங்கேயிருந்த ஓடுபாதையில் ராணுவச் சரக்கு விமானத்துக்காகக் கிடந்தார்கள். ஒரு நாள் காலை ஒரு விமானம் வந்தது. என்ஜின்களை நிறுத்தவே இல்லை; எதிரி விமானங்கள் வருவதாகச் செய்தி. காயம்பட்டவர்களை முதலில் ஏற்றினார்கள், அப்புறம் குடும்பங்களை. கடைசியில் பின்வாசல் சரிவுப் பலகைக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் மிஞ்சின. ஒன்று கராமத்தும் மனைவி தூபாவும் மகன் ஃபரிதூனும். இன்னொன்று ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவருடைய வயதான தாயாரும்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாரோஃப் என்று பெயர். இரண்டு பேர் ஒரு வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்துவிட்டால், 'முதலில் நீங்கள்' என்பார் ஒருவர். 'ஐயையோ, நீங்கள் இருக்கும்போது நானா' என்பார் மற்றவர். கதவுக்கே அலுத்துப்போகும். தட்டில் ஒரே ஒரு கபாப் துண்டு மிச்சமிருந்தால் அது ஆறிப் போகுமே தவிர யாரும் தொடமாட்டார்கள். மூன்று தரம் மறுக்க வேண்டும். அதற்கப்புறம், யார் போக வேண்டுமோ அவர் போவார். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை, யாரும் இதை நம்பிவிடுவதும் இல்லை. முதல் தடவையே நம்பிவிடுகிறவன் ஒன்று வெளிநாட்டுக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வளர்ப்புச் சரியில்லாதவனாக இருக்க வேண்டும்.

"பெரியவங்க இருக்காங்க, முதல்ல நீங்கன்னு சொன்னேன்," என்பார் கராமத். "வாத்தியார், 'உங்களுக்குக் குழந்தை இருக்கு, முதல்ல நீங்க'ன்னார். நான் விடுவனா? அவர் அம்மாவோட காலுக்குத் தூசியாகக்கூட நாங்க ஆகமாட்டோம்னேன். தூபா என் சட்டையப் பிடிச்சு இழுக்கறா. வாத்தியார் நெஞ்சுல கைய வச்சுக் குனியறார். நானும் குனியறேன். நிமிர்ந்து பாத்தா பலகை மேல ஏறிக்கிட்டிருக்கு. வாசல மூடிட்டாங்க."

விமானம் போன ஐந்தாவது நிமிடத்தில் ஓடுபாதையில் குண்டு விழுந்தது. கராமத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தூபாவும் இல்லை, ஃபரிதூனும் இல்லை, வாத்தியாரும் அவர் தாயாரும்கூட இல்லை.

கொட்டடியில் யாராவது கேட்பார்கள்: "எடம் இருந்துச்சா உள்ள?"

"இருந்துச்சு. பத்துப் பேர் உக்காரலாம். அதான் சொல்றேன். ரெண்டு குடும்பமும் ஏறியிருக்கலாம்."

"அந்தப் பைலட் கை அழுகிப் போக!" என்பார்கள். "அரை நிமிஷம் பொறுக்க மாட்டானா பாவி?" ஈரஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அந்தப் பைலட் அவர்தான்.

அவருக்கு அந்தக் காலை ஒவ்வொரு நொடியாக ஞாபகம் இருந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் சரக்குப் பொறுப்பாளர் சார்ஜென்ட் யதொல்லாவின் குரல், பாதி எரிச்சலும் பாதிச் சிரிப்புமாக: "கேப்டன், இங்க ரெண்டு குடும்பம் வாசல்ல நின்னு தாரோஃப் பண்ணிக்கிட்டிருக்கு!" வானொலியில் எதிரி விமானங்கள் ஏழு நிமிடத் தூரம் என்றார்கள். உள்ளே எழுபத்திரண்டு பேர். ஈரஜ், "மூடுடா," என்றார். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. விமானத்தைத் திருப்பும்போது ஒருவன் இறக்கைக்கு அடியில் குனிந்து ஓடிவந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி விட்டிருந்தான், ஆபாதான்காரர்கள் எல்லோரும் போல. ஈரஜும் அவனைப் பார்த்தார். முகம் மனதில் நிற்கவில்லை, அந்தக் கண்ணாடி மட்டும் நின்றது.

அன்று மத்தியானமே ஷிராஸ் படைத்தள உணவுக்கூடத்தில் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். தலைக்குமேலே எதிரி விமானம், இவர்கள் முதலில் நீங்கள் முதலில் நீங்கள் என்று குனிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நடித்தே காட்டினார். மேஜையே விழுந்து விழுந்து சிரித்தது. யதொல்லா மட்டும் சிரிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, போர்முனைக்கு மாவு மூட்டையும் கம்பளியும் ஏற்றிப் போன ஒரு நாள் ஏவுகணை பட்டு, விமானம் எதிரியின் நிலத்தில் வயிறு தேய்ந்து விழுந்தது. அன்று சாயங்காலம், பிடித்துக்கொண்டு போன லாரியிலேயே, யதொல்லா ஈரஜின் மடியில் இறந்துபோனார். விசாரித்த அதிகாரி, "எத்தனை குண்டு போட்டே?" என்று கேட்டான். நான் குண்டு போடுகிறவன் இல்லை, மாவும் காயம்பட்டவர்களும்தான் ஏற்றுவேன் என்று ஈரஜ் சொன்னார். "அப்போ நீ லாரி டிரைவர்," என்று சிரித்தான் அவன். சிரித்துவிட்டுத்தான் கேபிளை எடுத்தான்.

நான்தான் அந்தப் பைலட் என்று கராமத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தரம் வாய் வரை வந்தது. முதல் மாதத்தில் பயத்தால் சொல்லவில்லை. இரண்டாவது வருடத்தில் அந்தத் தோள் பழகிவிட்டது. சொன்னால் தோள் போய்விடும். அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. ஊருக்குப் போய்க் கடிதம் எழுதிச் சொல்லிவிடலாம் என்று கடைசியாகத் தீர்மானித்திருந்தார். கோழைகளின் தீர்மானங்கள் எல்லாம் தபாலில்தான் போகும்.

பத்து மணிக்கு இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். மருந்தறையில் ஒரு மேஜை, மூலையில் சிகரெட் பிடித்துக்கொண்டு முகாம் அதிகாரி, மேஜைக்குப் பின்னால் அந்தச் செம்புள்ளி டாக்டர். அவர் தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. கராமத்தின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். ஈரஜின் இடுப்பை அழுத்தினார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். ஈரஜ் டெக்ஸாஸில் பயிற்சி எடுத்தவர், அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

"விமானத்துல நாப்பத்திரெண்டு எடம். நாப்பத்தொண்ணு முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் உடம்பு மோசம்தான். ஆனா ஒருத்தரைத்தான் சேர்க்க முடியும். உங்க பேரை எழுதலாம்னு இருக்கேன் கேப்டன். உங்களுக்குச் சம்மதம்தானே?"

சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனா மேஜைமேல் இருந்தது, தாள் இருந்தது, மெஹ்ராபாத் இருந்தது, பல் விழுந்த நெகின் இருந்தாள். ஆனால் ஓரடி தள்ளிக் கராமத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது நீட்டிய தட்டை அப்படியே வாங்கிக்கொள்ள நாற்பது வயது வரை ஈரஜுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதிலும் இந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது. மனதுக்குள் ஏதோ ஒன்று கூசியது. ஒரு தரம் கேட்டுவிடலாம், கேட்டால் அவர் மறுப்பார், மறுத்தபின் போகலாம், போகும்போது கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும். இதெல்லாம் யோசித்துச் செய்ததா என்றால் இல்லை. மூச்சு விடுவதற்கு யார் யோசிக்கிறார்கள்?

"டாக்டர், முதல்ல இவரை எடுத்துக்குங்க," என்றார் ஈரஜ். "இவருக்கு நெஞ்சுல இரும்பு இருக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க?"

ஈரஜ் புன்னகையோடு கராமத் பக்கம் திரும்பினார். "கராமத் ஐயா, ஒரே எடம்தான் இருக்காம். முதல்ல நீங்கதான்னு சொல்லிட்டேன்."

இப்போது கராமத் நெஞ்சில் கைவைத்துக் குனிய வேண்டும். என் உயிரே போனாலும் மாட்டேன் கேப்டன், குழந்தை காத்திருக்கிறாள், நீங்கள் போங்கள் என்று சொல்ல வேண்டும். ஈரஜ் இன்னொரு தரம் வற்புறுத்துவார். கராமத் இன்னொரு தரம் மறுப்பார். எங்கள் நாட்டில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும் இந்தப் படிகள்.

கராமத் குனியவில்லை. ஈரஜை வெகுநேரம் பார்த்தார். இருமல்கூட வரவில்லை. பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்போது நாங்கள் சொல்கிற வார்த்தையைச் சொன்னார்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும், கேப்டன்."

டாக்டருக்குப் பாரசீகம் தெரியாது, ஆனால் குரல் தெரிந்தது. எழுதிவிட்டார். டாக்டர், நான் ஒரு மரியாதைக்குச் சொன்னேன், மனதார இல்லை என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ வழி உண்டு, எல்லாம் அவருக்குத் தெரியும். நாக்கு எழும்பவில்லை. டாக்டர் எழுந்து வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை முகாம் பாத்துட்டேன். இப்படி ஒரு மனுஷரைப் பாக்கலே," என்றார். மூலையிலிருந்த அதிகாரி சிகரெட்டை அணைத்துவிட்டு, "அடுத்த ஆள்," என்றான்.

நான்கு மணிக்குப் பேருந்து வந்தது. கராமத் தன்னுடைய கம்பளியை நாலாக மடித்து அதன்மேல் கரண்டியை வைத்தார். கொட்டடி முழுக்க அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டு அழுதது, ஈரஜையும் கட்டிப்பிடித்தது. செய்தி பரவியிருந்தது. "ஆம்பிளைன்னா நீங்கதான் கேப்டன்," என்றார்கள். ஒவ்வொரு பாராட்டும் இடுப்பில் விழுந்தது. கடைசியில், முற்றத்துக் குழாயடியில், இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"நீங்க சும்மா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் கராமத்.

ஈரஜ் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினார்.

"அன்னிக்கு ஜன்னலுக்குக் கீழ ஓடிவந்து நின்னேன். நீங்களும் பாத்தீங்க. இங்க வந்த முதல் நாளே அடையாளம் தெரிஞ்சுபோச்சு."

"முதல் நாளே..." என்றார் ஈரஜ். "அப்போ ஏன் ஒரு வார்த்தை..."

"அந்தக் கதைய நாலு வருஷமா யாருக்குச் சொன்னேன்னு நெனச்சீங்க? கொட்டடிக்கா? உங்களுக்குத்தான் சொன்னேன். 'நான்தான் அந்தப் பைலட், கராமத்'னு ஒரு நாள் திரும்பிப் படுப்பீங்கன்னு பாத்தேன். சாபம் வாங்கிக்கிட்டுச் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு மூணு தரம் இல்ல, முப்பது தரம் மறுத்திருப்பேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளி உங்கள அந்த விமானத்துல ஏத்தியிருப்பேன். எனக்கு அங்க யாரு இருக்கா? ரெண்டு மண்மேடு." இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், இந்த முறை ரோஜா என்று சொல்லவில்லை. "தோளு குடுத்தது பொய்யில்ல கேப்டன். அதை மட்டும் தப்பா நெனக்காதீங்க."

பேருந்தின் ஓட்டுநர் ஒலி எழுப்பினான். ஈரஜ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "மஹ்லகா மெஹ்ராபாதுல நிப்பா. குழந்தையும் வரும். படியில எறங்குற ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாக்கும். அவங்ககிட்ட..."

"என்ன சொல்லட்டும்?"

ஈரஜ் பேருந்தின் படியைப் பார்த்தார். கராமத்தே மெல்லச் சொன்னார்: "முதல்ல நீங்க போங்கன்னு அவர்தான் என்னை அனுப்பி வச்சார்னு சொல்றேன். பெருமைப்படுவாங்க." அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று ஈரஜ் தேடிப் பார்த்தார். இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. பேருந்து தூசியைக் கிளப்பிக்கொண்டு வாசலைத் தாண்டியது. வாசலில் காவலாளிகள் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார்கள்.

பொழுது சாய்வதற்கு முன் மாலை எண்ணிக்கை. ஈரஜின் வரிசையில் நாலு பேர்தான் இருந்தார்கள். காவலாளி பின்வரிசையிலிருந்து ஒருவரை இழுத்து ஐந்தாவதாக உட்கார வைத்தான். போன வாரம் வந்தவர், கெர்மான்ஷாவில் தபால்காரராக இருந்தவர். அவருக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று தெரியாது. கணக்கு வழக்கம்போல் தப்பியது. இரண்டாவது எண்ணிக்கையில் ஈரஜ் பக்கவாட்டில் மண்ணில் சரிந்தார். முதுகில் ஒன்று விழுந்தது. எழுந்து மறுபடி குந்தினார். மெஹர் மாதம் முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டது.

கொட்டடிக்குள் போகும்போது வழக்கமான கூத்து. அடி விழும் என்று தெரிந்தும் எங்கள் ஆட்கள் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி கேபிளை ஓங்கிக்கொண்டு எல்லோரையும் உள்ளே தள்ளினான். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், ஈரஜும் தபால்காரரும். தபால்காரர் ஒதுங்கி நின்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "முதல்ல நீங்க கேப்டன்," என்றார்.

இல்லை, நீங்கள் போங்கள் என்று சொல்ல ஈரஜ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சரி, பேசாமல் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தார். காலும் வரவில்லை.

"உங்களுக்கு முன்னாடி நான் போறதா? காலைல என்ன செஞ்சீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் தபால்காரர், கண்ணில் நிஜமான மரியாதையோடு. "முதல்ல நீங்க."

வாசலுக்கு அப்பால், சுவரோரத்தில், நாலாக மடித்த கம்பளியும் அதன்மேல் கரண்டியும் தெரிந்தன. காவலாளி அரபியில் ஏதோ கத்தினான். தபால்காரர் இன்னும் தாழ்வாகக் குனிந்தார். "நீங்க கேப்டன், நீங்க," என்றார் மூன்றாம் தரமாக. ஈரஜ் நின்ற இடத்திலேயே நின்றார். இருவருக்கும் நடுவே கதவு திறந்தே கிடந்தது.